எச்சத்தில் கிடைத்த நரி: டாஸ்மேனியாவின் செந்நரித் தேடலும் கிண்டிக் காட்டின் கணக்கும்

ஆஸ்திரேலியாவின் தெற்கே அமைந்த டாஸ்மேனியத் தீவில், இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் சாலையோரத்திலும் கிடந்த ஊனுண்ணிகளின் எச்சங்கள் (மலக்கழிவுகள்) பெருமளவில் பொறுக்கப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. சோதிக்கப்பட்டவை 9,940. அவற்றுள் செந்நரியின் டி.என்.ஏ. இருப்பதாக அறிவிக்கப்பட்டவை 61. இந்த 61 எச்சங்கள் முதன்மைச் சான்றாக நிற்க, அத்தீவின் அரசு பல கோடி டாலர் செலவில் நரி ஒழிப்புத் திட்டத்தை நடத்தியது. அதே 61 எச்சங்களை ஐயுற்ற வேறு சில அறிவியலாளர்கள், தீவில் நரி பரவியிருக்கிறது என்ற முடிவுக்கே அடிப்படை இல்லை என்று வாதிட்டனர். திட்டம் முடியும்வரை அதன் பணியாளர்கள் உயிருள்ள நரி ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை.

சென்னையிலிருந்து பார்க்கும்போது இது எங்கோ நடந்த வழக்காகத் தோன்றலாம். ஆனால் எச்சத்தின் டி.என்.ஏ.வைக் கொண்டு விலங்குகளைக் கணக்கிடும் முறை இந்தியாவில் ஆய்வகத்தைத் தாண்டி அரசின் கணக்கெடுப்புக்குள் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் வெளியான தேசிய யானைக் கணக்கெடுப்புக்காக 21,056 இலத்தி மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, அவற்றிலிருந்து 4,065 தனி யானைகள் அடையாளம் காணப்பட்டன. நாடு முழுவதற்கும் 22,446, தமிழ்நாட்டுக்கு 3,136 என்ற மதிப்பீடுகள் இந்த முறையின் துணையுடன் கிடைத்தவை. இதே முறை நாளை நகரத்துக் காடுகளுக்கு வருமானால், கொண்டுவந்து விடப்பட்ட விலங்கும் மண்ணுக்குரிய விலங்கும் தெருநாயும் ஒரே சுவருக்குள் வாழும் கிண்டி தேசியப் பூங்காதான் முதலில் நினைவுக்கு வரும். அதற்கு முன் டாஸ்மேனியாவில் நடந்ததை ஒருமுறை முழுமையாகப் பார்த்துவிடுவது நல்லது. (இக்கட்டுரையில் செந்நரி என்பது ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற இனம், கிண்டியில் வாழும் நம் நரி வேறு இனம், நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு.)

தீவின் அச்சம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வேட்டைப் பொழுதுபோக்குக்காக ஐரோப்பியர் செந்நரிகளை ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குக் கொண்டுவந்தனர். அவை பரவிய வேகத்தில் அங்கிருந்த சிறிய பைப்பாலூட்டிகள் பல அழிந்தன அல்லது சில மூலைகளுக்குள் ஒடுங்கின. டாஸ்மேனியாவில் நரி நிலைபெறவில்லை. அதனால்தான் பெருநிலத்தில் இல்லாமற்போன சிறுவகைக் கங்காருகளும் வேறு சில பைப்பாலூட்டிகளும் அந்தத் தீவில் மட்டும் எஞ்சியிருந்தன. ஊனுண்ணிகளில் பெரியதான டாஸ்மேனியப் புலி 1936-இல் கடைசியாகக் கூண்டில் இறந்தது. அடுத்த நிலையில் இருந்த டாஸ்மேனியப் பேய் எனப்படும் விலங்கை 1996-இல் முதன்முதலாகக் காணப்பட்ட முகக்கட்டி நோய் வாரிக்கொண்டு போகத் தொடங்கியது. ஊனுண்ணிகளின் இடம் காலியாகிறது, அந்த இடத்துக்கு நரி வந்தால் தீவின் கதை முடிந்தது என்ற அச்சம் வீணானதல்ல.

1998-இல் பர்னி துறைமுகத்தில் சரக்குக் கப்பலிலிருந்து ஒரு நரி தப்பிக் கரையேறியது. 2001-இல், நரிக்குட்டிகளை யாரோ வேண்டுமென்றே கடத்திவந்து விட்டிருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. காவல்துறை விசாரித்தும் அதை உறுதிப்படுத்தும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆயினும் சிறப்புப் பணிக்குழு அமைக்கப்பட்டது, பின்னர் அது விரிவான ஒழிப்புத் திட்டமாக வளர்ந்தது. ஆயிரத்தெண்பது என்ற எண்ணால் அறியப்படும் சோடியம் ஃபுளோரோஅசிடேட் நஞ்சு தடவிய இறைச்சித் துண்டுகள் பரந்த நிலப்பரப்பில் புதைக்கப்பட்டன. நரியைக் கண்டதாகப் பொதுமக்கள் சொன்ன செய்திகளும், சில நரி உடல்களும், காலடித் தடங்களும் சான்றுகளாகச் சேர்ந்தன. அவற்றுள் சில வேண்டுமென்றே வைக்கப்பட்டவை என்ற குற்றச்சாட்டும் கூடவே வளர்ந்தது. இந்தக் குழப்பத்தில், பொய் சொல்லாத சாட்சியாக எல்லோரும் எதிர்பார்த்தது எச்சத்தைத்தான்.

எச்சம் சொல்வது என்ன

உணவு குடல்வழியே நகரும்போது குடலின் உட்சுவரிலுள்ள செல்கள் உரிந்து எச்சத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு செல்லில் கருவின் (உட்கருவின்) டி.என்.ஏ. இரண்டு படிகளே உள்ளன, மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை உள்ளது. வெயிலில் காய்ந்து மழையில் ஊறிய எச்சத்தில்கூட அதன் சிறு துண்டுகள் தப்பிப் பிழைப்பது இந்த எண்ணிக்கையால்தான். எனவே இனத்தை அறிய மைட்டோகாண்ட்ரியாவையும், இன்ன தனி விலங்கு, ஆணா பெண்ணா என்பதை அறியக் கருவின் டி.என்.ஏ.வையும் பயன்படுத்துவது வழக்கம். முன்னது எளிது, பின்னது கடினம்.

கான்பெரா பல்கலைக்கழகத்தில் செயல்பட்ட குழு செந்நரிக்கே உரிய சிறிய மைட்டோகாண்ட்ரியத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கும் சோதனையை உருவாக்கியது. பெருகி வந்தவற்றின் எழுத்து வரிசையைப் படித்து அது நரியினுடையதுதானா என்று மறுபடியும் சரிபார்த்தனர். முறை என்ற அளவில் இதில் குறை காண்பது கடினம். எச்சத்தோடு வரும் பித்த உப்புகளும் மண்ணின் மக்குப் பொருள்களும் பி.சி.ஆர். வினையை முடக்கும் என்பதும், நரி போட்ட எச்சமே சில வேளை விடை தராமல் போகும் என்பதும் அக்குழுவுக்கு நன்றாகத் தெரியும். இல்லாததை இல்லை என்று சொல்லும் திறனைவிட, இருப்பதைத் தவறவிடும் வாய்ப்பே இத்துறையில் நெடுங்காலம் பெரிய கவலையாக இருந்துவந்தது. டாஸ்மேனியா அந்தக் கவலையைத் திருப்பிப் போட்டது.

61-இன் எடை

2013-இல் கான்பெரா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சாரேயும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, கிடைத்த சான்றுகளைக் கொண்டு நரிகள் தீவின் வடக்கிலும் கிழக்கிலும் பரவலாக உள்ளன என்ற முடிவுக்கு வந்தது. அடுத்த ஆண்டே கிளைவ் மார்க்ஸ் உள்ளிட்டோர் அதை மறுத்தனர். மறுப்பின் மையத்தை ஒரு சிறு பெருக்கலால் விளக்கலாம். 9,940-இல் 61 என்பது ஏறத்தாழ 0.6 விழுக்காடு. ஒரு சோதனை, பொறுக்குவதிலிருந்து விடை எழுதுவது வரையிலான எல்லாப் படிகளையும் சேர்த்து, ஆயிரத்தில் 6 முறை தவறாக 'ஆம்' என்று சொல்லுமானால், தீவில் ஒரு நரிகூட இல்லாவிட்டாலும் 9,940 மாதிரிகளில் சுமார் 60 'ஆம்'கள் வந்துவிடும். அந்தச் சோதனையின் உண்மையான பிழை வீதம் இவ்வளவு இருந்தது என்று இதற்குப் பொருளில்லை. ஆயிரத்தில் 6 என்ற அளவுக்கும் மிகக் கீழே அது இருந்தது என்று காட்டாதவரை, 61 என்ற எண் தனித்து நின்று எதையும் நிறுவாது என்பதே இதன் பொருள்.

ஆய்வக வேதியியல் இந்தப் பிழையின் ஒரு பகுதி மட்டுமே. எழுத்து வரிசையைப் படிப்பதால் வேறு விலங்கை நரி என்று தவறாகப் பெயரிடும் பிழை நீங்கும்; ஆனால் ஒப்பீட்டுக்காக ஆய்வகத்தில் வைத்திருக்கும் நரி டி.என்.ஏ. ஒரு துளி மாதிரிக் குழாயில் சேர்ந்துவிட்டால், எழுத்து வரிசையும் நரி என்றே சொல்லும். பெருநிலத்திலிருந்து யாராவது ஒரு நரி எச்சத்தைக் கொண்டுவந்து போட்டிருந்தால் அது அசல் நரி எச்சமே. எந்த நுட்பமும் அதைக் காட்டிக்கொடுக்காது. பயிற்சி நாய்களுக்கு மோப்பம் கற்பிக்க நரி எச்சம் தேவைப்படும் திட்டம் ஒன்றில், அப்பொருள் தீவுக்குள் எப்படி வந்தது, எங்கே வைக்கப்பட்டது, யார் கையாண்டார் என்ற பதிவேடு ஆய்வகக் குறிப்பேட்டுக்கு இணையான அறிவியல் ஆவணம் ஆகிறது.

மறுபக்கத்தின் வாதத்தையும் குறைத்து எண்ணக் கூடாது. குறைந்த அடர்த்தியில் வாழும் இரவு விலங்கைப் பிடிப்பது அரிது. புதிதாக நுழைந்த உயிரினத்தை, உறுதிப்படும்வரை காத்திருந்தால் ஒழிக்கவே முடியாது. விலை மிக அதிகமான பிழை எது என்று அரசு கணக்கிட்டு, நரி இருக்கிறது எனக் கொண்டு செயல்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, சாலையில் அடிபட்டுச் சாகும் விலங்குகளுக்குப் பேர்போன அந்தத் தீவில் அடிபட்ட நரிகள் தொடர்ந்து கிடைக்காததும், கண்ணிகளிலும் துப்பாக்கிக்கும் நரி சிக்காததும், எச்சச் சான்றுகளும் 2011-க்குப் பின் வராமல் நின்றதும் தராசின் மறுதட்டில் ஏறிக்கொண்டே போயின. திட்டம் படிப்படியாகச் சுருங்கி நிறுத்தப்பட்டது. ஒரு சில நரிகள் இருந்து அழிந்தனவா, தொடக்கத்திலிருந்தே இல்லையா என்பதை அந்த 61 எச்சங்களால் இனித் தீர்க்க முடியாது. வழக்கின் பயன் வேறிடத்தில் உள்ளது: அரிய விலங்கு இருக்கிறதா என்று கேட்கும்போது பொய்யான 'ஆம்' என்பதே ஆபத்து, இருப்பது தெரிந்த விலங்கை எண்ணும்போது வேறு பிழைகள் முன்னே வருகின்றன. கேள்வியை முடிவு செய்யாமல் மாதிரி பொறுக்கப் போவது பணத்தைக் கொட்டும் வழி.

கிண்டிக்கு எந்தக் கேள்வி

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். ஆளுநர் மாளிகை வளாகமும் ஐ.ஐ.டி. வளாகமும் அதே பழைய காட்டின் பகுதிகள். இன்று சுவரும் சாலையும் இடையில் நிற்கின்றன. இங்குள்ள வெளிமான் இந்தக் கடலோரச் சமவெளிக்கே உரியது. புள்ளிமான் பிற்காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டது என்பதே பொதுவாக ஏற்கப்படும் கருத்து. புள்ளிமான் நம் நாட்டு விலங்குதான் என்பதால் அதை அயல் ஊடுருவி என்று அழைக்க வாய் வராது. ஆனால் ஆங்கிலேயர் அந்தமானில் கொண்டுபோய் விட்ட அதே புள்ளிமான், தன்னை வேட்டையாடும் விலங்கு இல்லாத அத்தீவுகளில் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கும் அயல் ஊடுருவியாகவே கருதப்படுகிறது. சங்கர் ராமன், மேனன், சுகுமார் ஆகியோர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு கிண்டியின் இவ்விரு மான்களையும் ஒருசேர ஆராய்ந்தது. திறந்த புல்வெளியை நம்பி வாழும் வெளிமானுக்குப் புதரும் மரமும் அடர்வது பாதகம். புல்லும் தழையும் இரண்டும் உண்ணும் புள்ளிமானுக்கு அது அவ்வளவு பாதகமில்லை.

இரண்டின் புழுக்கைகளும் அளவிலும் வடிவிலும் ஒன்றோடொன்று குழம்பும். எனவே எந்தப் புல்வெளியை எந்த மான் எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதைப் புழுக்கையைக் கொண்டு அறிய முயன்றால், இனத்தைப் பிரித்துக் காட்டும் மைட்டோகாண்ட்ரியச் சோதனை உதவும். இங்கே இரண்டும் இருக்கின்றன என்பது தெரிந்ததே. நூற்றில் ஒரு புழுக்கை தவறாகப் பெயரிடப்பட்டாலும் படம் பெரிதாகக் கெடாது. டாஸ்மேனியாவின் அச்சத்தை இந்தக் கேள்விக்குள் கொண்டுவர வேண்டியதில்லை.

எத்தனை மான்கள் என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. தனி விலங்கை அடையாளம் காணக் கருவின் டி.என்.ஏ. வேண்டும். மாதிரி நைந்திருந்தால், தாய்வழியும் தந்தைவழியும் வந்த இரண்டு வடிவங்களில் ஒன்று பி.சி.ஆர்.-இல் எழும்பாமல் போகும். அப்போது ஒரே மானின் இரண்டு புழுக்கைகள் இரண்டு மான்களாகத் தெரியும், எண்ணிக்கை ஊதிப்போகும். சுவருக்குள் பல தலைமுறைகளாக அடைபட்டு, தமக்குள்ளேயே இனம் பெருக்கிய கூட்டத்தில் இதற்கு நேர்மாறான பிழை வரலாம்: மான்கள் ஒன்றுக்கொன்று மரபணுவில் நெருங்கிப் போயிருந்தால், யானைக்கோ புலிக்கோ போதுமான எண்ணிக்கையிலான குறியிடங்கள் (தனி விலங்கைப் பிரித்தறிய ஒப்பிடப்படும் டி.என்.ஏ. இடங்கள்) இங்கே போதாமல், இரண்டு மான்கள் ஒன்றாக எண்ணப்படும். முதல் பிழைக்கு ஒவ்வொரு மாதிரியையும் பலமுறை திரும்பச் சோதிப்பது மருந்து. இரண்டாவதற்குக் குறியிடங்களைக் கூட்டுவது மருந்து. இரண்டும் செலவு. கட்டுரையாளரின் மதிப்பீட்டில், 2.7 சதுர கிலோமீட்டர் காட்டில் பகலில் வெளியே நிற்கும் மானை எண்ணுவதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை. வழக்கமான நடைக் கணக்கெடுப்பே போதும். புழுக்கையின் டி.என்.ஏ. இங்கே தன் செலவுக்குத் தகுந்த பலன் தருவது, உள்ளினப்பெருக்கம் எவ்வளவு, சுவருக்கு இருபுறமும் உள்ள வெளிமான்களுக்கிடையே உறவு எஞ்சியுள்ளதா என்ற கேள்விகளில்தான். கண்ணால் எண்ணி அவற்றுக்கு விடை காண முடியாது.

நாயும் நரியும்

மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பு சென்னையில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகக் காட்டியது. பூங்காவின் வேலியை ஒட்டி வேளச்சேரி, அடையாறு, தரமணிப் பக்கங்களில் திரியும் நாய்கள் உள்ளே புகுவதும் மான்களைத் துரத்துவதும் நகரம் அறிந்த பிரச்சினை; நாய் ஆர்வலருக்கும் காட்டுயிர் ஆர்வலருக்கும் இடையே இது தீராத சண்டையாகவும் உள்ளது. எச்சத்தின் டி.என்.ஏ. இந்தச் சண்டையில் உண்மையிலேயே ஒரு தரவைத் தர வல்லது. முதுகெலும்பிகள் அனைத்துக்கும் பொதுவான சிறு துண்டைப் பெருக்கிப் படித்தால், நாயின் எச்சத்துக்குள் அது தின்ற விலங்கின் டி.என்.ஏ.வும் தெரியும். பிரியாணிக் கடைக் குப்பையிலிருந்து கோழியும் ஆடும் மாடும் வரும். சமைத்த இறைச்சியிலும் சிறு துண்டுகள் எஞ்சும். புள்ளிமானோ வெளிமானோ குப்பைத் தொட்டியில் கிடைப்பதில்லை. எனவே வேலிக்கு வெளியே பொறுக்கிய நாய் எச்சத்தில் மான் தெரிந்தால், அந்த நாய் மான் இறைச்சியைத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம்; மான் புழுக்கையைத் தின்றிருந்தாலும் அதே விடை வரக்கூடும்.

அது கொன்று தின்றதா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்பது மட்டும் எந்த ஆய்வகத்துக்கும் தெரியாது. நாய் தரப்பும் மான் தரப்பும் இதே விடையைத் தத்தம் விருப்பப்படி வாசிக்கும் என்று எதிர்பார்க்கலாம். இறந்த மான்களின் பிணக்கூறாய்வுப் பதிவுகளோடு மாதந்தோறும் ஒப்பிட்டால்தான் இந்தத் தரவுக்கு எடை வரும். படிக்கப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கையை உண்ட இறைச்சியின் எடையாகக் கொள்வதும் கூடாது. ஒரு இனத்தின் துண்டு மற்றொன்றைவிட எளிதாகப் பெருகும்.

நரி பற்றிய கேள்வி டாஸ்மேனியாவுக்கு மிக அருகில் நிற்கிறது. கிண்டியில் நரி இருப்பது பதிவானது. சென்னையின் தென்புறத்து நன்மங்கலம் போன்ற, வீடுகள் சூழ்ந்த சிறு காப்புக்காட்டில் நரி இன்னும் எஞ்சியிருக்கிறதா என்று கேட்டால், அது 'இருக்கிறதா' என்ற அரிய விலங்கின் கேள்வி. இங்கே ஒரே ஒரு 'ஆம்' வந்தவுடன் செய்தி வெளியிடும் ஆசையை அடக்க வேண்டும். அதோடு நாய்கள் பிற விலங்கின் எச்சத்தின்மேல் சிறுநீர் கழித்துத் தம் அடையாளத்தை இடும், சில வேளை எச்சத்தையே தின்னும். ஆகவே ஒரே எச்சத்தில் நாயும் நரியும் சேர்ந்து தெரியலாம். நாயும் நரியும் கலந்து பிறந்த விலங்கு இருந்தால், தாய்வழியில் மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா அதைத் தாயின் இனமாகவே காட்டும். அத்தகைய ஐயம் வரும் இடத்தில் கருவின் டி.என்.ஏ. இன்றி முடிவு சொல்ல இயலாது.

பொறுக்கும் முறை

வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் எச்சம் பொறுக்குவது வீண் உழைப்பு. மழை மேற்பரப்பைக் கழுவிவிடும். எஞ்சியதைச் சாணவண்டும் பூஞ்சையும் முடிக்கும். சனவரிக்குப் பின், வெயில் கடுமையாகும் முன், அதிகாலையில் ஈரம் காயாத புதிய எச்சங்களை எடுப்பதே சென்னைக்குப் பொருந்தும். வெளிமான் கடாக்கள் தம் எல்லைக்குள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கழிக்கும். அந்தக் குவியலில் பழையதும் புதியதும், பல மான்களுடையதும் கலந்து கிடக்கும். அதனால் குவியலின் மேலே தனித்துப் பளபளக்கும் புழுக்கைகளை மட்டும் இடுக்கியால் எடுத்துத் தனித்தனிக் குழாயில் இட வேண்டும். மாதிரியை அடர் எத்தனாலிலோ சிலிக்கா மணிகளிலோ வைத்தால் ஆய்வகம் போய்ச் சேரும்வரை தாங்கும். தேசியப் பூங்காவுக்குள் புழுக்கை பொறுக்கவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்பதை மாணவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டாஸ்மேனியாவின் வழக்கைப் படித்தபின் மிகவும் வலியுறுத்த வேண்டியது மறைவுச் சோதனை. வண்டலூர் உயிரியல் பூங்காவில், எந்த மானுடையது என்று ஐயமின்றித் தெரிந்த புழுக்கைகளையும், நாய்க் காப்பகத்தில் எடுத்த நாய் எச்சங்களையும், வெறும் மண் நிரப்பிய குழாய்களையும், மற்ற மாதிரிகளைப் போலவே எண்ணிட்டு, ஆய்வகத்துக்குச் சொல்லாமல் கலந்து அனுப்ப வேண்டும். ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி. ஆய்வகமானாலும் டேராடூனின் இந்திய வனவுயிர் நிறுவனமானாலும், உள்ளூரிலேயே செய்யப்பட்டாலும் இதில் விலக்கு இருக்கக் கூடாது. நல்ல ஆய்வகங்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மண் குழாயிலிருந்து நரி வந்தால் பிழை வீதம் வெளிப்பட்டுவிடும். நூறு மறைவு மாதிரியில் ஒன்றுகூடத் தவறாமல் போனாலும், நூற்றில் மூன்றுவரை பிழை இருக்கக்கூடும் என்றே புள்ளியியல் சொல்லும். அரிய விலங்கைத் தேடும் ஆய்வுக்கு அந்த நூறு போதாது, மான்களைப் பிரிக்கும் ஆய்வுக்குப் போதும்.

கடைசியாக, ஒவ்வொரு எச்சத்திலும் ஒரு பாதி சோதனைக்குப் போகாமல் உறைநிலையில் இருக்க வேண்டும், அதுவும் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பில். அந்தப் பாதியைக் காட்டிலேயே, புதிய கையுறையும் புதிய இடுக்கியும் கொண்டு பிரித்து, இடமும் நேரமும் எடுத்தவர் பெயரும் எழுதி முத்திரையிட வேண்டும். ஆய்வகத்துக்குப் போன பிறகு பிரித்தால், அங்கே கலந்த மாசு இரண்டு பாதிகளிலும் இருக்கும். மறுசோதனை முதல் பிழையையே மறுபடியும் உறுதி செய்யும்.